கம்பிக் கறிக்கு நான் எழுதிய ஆங்கிலம்

பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கத்தில், உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்களே, அதை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் ஈப்போவில் எனக்கு வேலை. இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். ஒரு சொல் விடுபட்டால் யாரோ ஒருவருக்கு மூச்சு நின்றுபோகலாம் என்று சொல்லித்தான் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். அதனால் பயம் எனக்குப் புதிதல்ல. ஆனால் மேசை முன்னால் உட்கார்ந்து படும் பயம் வேறு, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு வெள்ளிக்கிழமைப் பகலில் நான் பட்ட பயம் வேறு.

காதர் அண்ணனுக்காகத்தான் அங்கே போனேன். கோட்டக்குப்பத்துக்காரர். ஈப்போவில் என் அண்ணன் நடத்திய சாப்பாட்டுக் கடையில் பதினாறு வருடம் அடுப்படியில் நின்றவர். ஊர் திரும்பியதும், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கறிக்கென்றே ஒரு கடை போட்டார். வெள்ளைக்காரர்கள் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்கிறார்கள், என்ன கிடைக்கும் என்று புரியாமல் கிளம்பிவிடுகிறார்கள் என்று போனில் குறைப்பட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, நீ வந்து இங்கிலீஷ்ல ஒரு அட்டை எழுதிக் குடுத்துட்டுப் போ. இங்க எழுதினா ஸ்பெல்லிங்கப் பாத்துச் சிரிக்கிறானுங்க."

திருச்சியில் ஒரு கல்யாணத்துக்கு எப்படியும் வரவேண்டியிருந்தது. சில நாள் முன்னதாகவே வந்து இறங்கினேன்.

புதன்கிழமை காலை, சென்னையிலிருந்து வந்த பேருந்து என்னைத் திண்டிவனம் மேம்பாலத்தருகே உதறிவிட்டுப் போனது. உதறிவிட்டு என்பதுதான் சரி. என் இரண்டாவது கால் தரையைத் தொடுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் சாலையைக் கடக்க நின்றால் கார்கள் நிற்கும். இங்கே நான் நிற்க நிற்க வேகம் கூடியது. கடைசியில் ஒரு பள்ளி ஆசிரியை என் மணிக்கட்டைப் பிடித்து, "என் கூடவே வாங்க, திரும்பிப் பாக்காதீங்க" என்று இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் சேர்த்தார். விமானத்தில் பிடித்த சளி வேறு மூக்கை அடைத்திருந்தது.

கடை சிறியது. எட்டு மேசை, முன்பக்கம் நீளமான கரி அடுப்பு. அடுப்புக்குப் பின்னால் மேரி நின்றாள். நாற்பது வயதிருக்கும். பக்கத்திலேயே பிரம்மதேசம் என்ற கிராமத்துக்காரி. கடை திறக்கும்வரை கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். மசாலா முழுக்க அவளுடைய கைப்பக்குவம். "நான் கம்பிதாம்மா வாங்கிக் குடுத்தேன், மத்ததெல்லாம் மேரிதான்" என்றார் காதர் அண்ணன்.

முதல் கம்பியை மேரி இலையில் உருவிப் போட்டாள். ஆட்டுக்கறி. ஓரம் கருகி, நடுவில் சாறு நின்றது. காரத்தில் கண்ணில் நீர் வந்தது. மூக்கடைப்பில் பாதி ருசிதான் தெரிந்தது என்றாலும், அந்தப் பாதியில் வீட்டு ஞாபகம் வந்தது. ஈப்போவில் மாலை நேரத்தில் நாங்கள் வாங்கிச் சாப்பிடும் சாத்தேயின், குச்சியில் கோத்துச் சுட்ட கறியின், ஞாபகம். அது ஏன் வந்தது என்று என்னையே நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"இதுல என்னென்ன போடுறீங்க?"

மேரி புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, விசிறியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "இஞ்சி, பூண்டு, காஞ்ச மொளகா, சோம்பு, தயிரு. அப்பறம் மல்லாட்டய வறுத்து அரைச்சிச் சேக்கறேன்க்கா. அதாங்க்கா இதுக்கு ருசியே."

மல்லி வறுத்து அரைப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. மல்லியைத்தான் இந்தப் பக்கம் மல்லாட்டை என்கிறார்கள் போலும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், ஊர்ப் பேச்சு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டதே என்று கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன். நோட்டில் ஆங்கிலத்தில் 'வறுத்த மல்லி' என்று எழுதினேன்.

வேலைப் பழக்கத்தில் காதர் அண்ணனிடமும் ஒரு கேள்வி கேட்டேன். "நட்ஸ் ஏதாவது சேக்கிறீங்களாண்ணே?"

"நட்ஸே கெடையாது தங்கச்சி. முந்திரி, பாதாம், பிஸ்தா, எதுவுமே வாங்கறது இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நட்ஸ் என்றால் டப்பாவில் வருவது. கச்சான் உண்டா என்று எங்கள் ஊர்ச் சொல்லால் கேட்டிருந்தால் உடனே தலையை ஆட்டியிருப்பார்.

அன்று பிற்பகல் முழுவதும் அந்த அட்டையோடு மல்லுக்கட்டினேன். கம்பியில் கோத்துச் சுட்ட கறியை ஆங்கிலத்தில் எழுதுவது லேசான காரியமல்ல. கெபாப் என்றால் படிப்பவர் மனதில் வேறு தேசம் வந்துவிடுகிறது. சாத்தே என்றால் எங்கள் தேசம் வந்துவிடுகிறது. ஸ்கியூவர் என்பது கம்பியைத்தான் சொல்கிறது, கறியைச் சொல்வதில்லை. தமிழில் சுட்டது, வாட்டியது, கருகியது, தீய்ந்தது என்று நான்கு படிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரு படி தவறினால் சாப்பாட்டை அடுப்பில் மறந்துவிட்டார்கள் என்று ஆகிவிடும். காதர் அண்ணன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வாயில வச்சா கரையுதுன்னு போடு. படிக்கறப்பவே எச்சி ஊறணும்."

ஊறும்படிதான் எழுதினேன். கரியின் புகை மெல்லத் தழுவிய இறைச்சி, கையால் அரைத்த மசாலா, வறுத்த மல்லியின் மணம் என்று அழகாக வந்தது. அடியில், கேட்காமலே, தொழில் சுத்தமாக ஒரு வரி சேர்த்தேன். 'இதில் நட்ஸ் எதுவும் இல்லை.'

வியாழக்கிழமை திண்டிவனத்தில் அச்சடித்து லேமினேட் செய்து மேசைக்கொன்றாக வைத்தோம். மறுநாள் மதியம் ஒரு வேனில் வெளிநாட்டுக்காரர்கள் ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள் என்று காதர் அண்ணன் பூரித்துப்போயிருந்தார். எனக்கு வெள்ளிக்கிழமை மதியம் விழுப்புரத்தில் திருச்சி ரயில். அன்று மாலையே விழுப்புரம் போய் ஒரு லாட்ஜில் தங்கினேன்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ரயிலில் சாப்பிட ஏதாவது வாங்கலாம் என்று விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குள் நடந்தேன். சளி விட்டிருந்தது. டீயின் வாசம், மல்லிகைப்பூ வாசம், டீசல் நாற்றம் எல்லாம் தெரிந்தது. ஒரு பெண் கூடையைத் தலையில் சுமந்து பேருந்து ஜன்னல்களுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தாள்.

"மல்லாட்ட! அவிச்ச மல்லாட்டேய்!"

அவித்த மல்லியா? யார் அதை வாங்கித் தின்பார்கள்? சிரிப்புதான் முதலில் வந்தது. அவள் கூடையை இறக்கினாள். உள்ளே ஆவி பறக்க, ஈரத் தோலோடு, நிலக்கடலை. எங்கள் ஊர்க் கச்சான், சாத்தேக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பே அதில்தான்.

"இது பேரு என்னம்மா?" என்றேன்.

"மல்லாட்டம்மா. பாத்ததே இல்லியா? மெட்ராஸ்ல வேர்க்கல்லன்னுவாங்களே, அது."

பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு ஒரு துணுக்கு போதும். தொண்டை வீங்கும், மூச்சுக்குழல் அடைக்கும். இருபத்திரண்டு வருடமாக நான் எழுதிய எச்சரிக்கை வரிகளில் பாதி இந்த ஒரு பொருளுக்காகத்தான்.

காதர் அண்ணனுக்குப் போன் போட்டேன். அணைத்திருந்தது. மறுபடி போட்டேன். மூன்றாம் முறைதான் உறைத்தது, இன்று வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போயிருப்பார். மேரியின் எண் என்னிடம் இல்லை. கடைக்கென்று தனி எண்ணும் இல்லை. ரயிலை மறந்துவிட்டு, புறப்பட்டுக்கொண்டிருந்த சென்னைப் பேருந்தில் பெட்டியோடு ஏறினேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு பேரில் ஒருவருக்கு அந்த ஒவ்வாமை இருக்கவேண்டும், அவர் கறி தின்பவராக இருக்கவேண்டும், அட்டையை நம்பவேண்டும். இத்தனையும் சேர்ந்து நடக்குமா? ஆனால் அந்த வரியை எழுதுவதே அப்படி ஒருவருக்காகத்தான். மற்ற ஐந்து பேர் அதைப் படிக்கக்கூட மாட்டார்கள்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து ஊர்ந்தது. பன்னிரண்டே முக்கால். பக்கத்தில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் போனை விடாத என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. மரக்காணத்துப் பக்கம் ஒரு கடலோரக் குப்பம். விழுப்புரத்தில் கருவாடு விற்றுவிட்டுத் திரும்புகிறாள்.

"ஏம்மா, இப்டி போனையே அமுக்கிக்கினு வர்ற? எதுனா பிரச்சனையா?"

சொன்னேன். ஒவ்வாமை என்ற சொல்லை எப்படி விளக்குவது என்று தடுமாறினேன். அவளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

"எங்க அண்ணன் மவளுக்கு எறா ஒத்துக்காது. ஒரு வாட்டி தெரியாம தின்னுடுச்சி. மூஞ்சி பூசணிக்கா மாரி வீங்கிப்போயி, மூச்சு இழுத்துக்கினு… ஐயோ, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடனோம்." எழுந்து நின்று கத்தினாள். "டிரைவரே! ஜல்தியா போப்பா! ஒரு உசுரு வெசயம்!"

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் படாரென்று ஒரு சத்தம். பேருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓரத்தில் நின்றது. பின் டயர். கண்டக்டர் இறங்கிப் பார்த்து, "எல்லாரும் எறங்குங்க, பின்னாடி வர்ற வண்டில ஏத்திவுடறேன்" என்றார். பின்னால் வந்த இரண்டு வண்டிகள் நிற்கவே இல்லை. வெயிலில் நின்று போன் போட்டுக்கொண்டே இருந்தேன். அணைத்திருந்தது. அணைத்திருந்தது.

அஞ்சலை சாலைக்குள்ளேயே இறங்கி, தர்பூசணி ஏற்றி வந்த, குட்டியானை என்கிற ஒரு சின்ன லாரியைக் கையை விரித்து மறித்தாள். ஓட்டியவர் திட்டினார். அதைவிடச் சத்தமாக அவள் திட்டினாள். அடுத்த நிமிடம் நாங்கள் இருவரும் என் பெட்டியும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டிருந்தோம். ஓட்டியவர் விஷயத்தைக் கேட்டதும் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மேம்பாலத்தருகே அஞ்சலை இறங்கினாள். "ஒண்ணும் ஆவாதும்மா, போ" என்றாள். அவள் முகத்தில் அந்த நம்பிக்கை இல்லை.

கடை வாசலில் வேன் நின்றிருந்தது.

உள்ளே சிரிப்புச் சத்தம். சிரிக்கிறார்கள், அப்படியென்றால் ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு கணம் உயிர் வந்தது. கிட்டே போனேன். நடுவில் ஒரு இளம்பெண் கன்னம் சிவந்து, கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தண்ணீரை நீட்டிச் சிரித்தார்கள். "இந்திய மிளகாய்! ஹன்னா, உனக்கு நன்றாக வேண்டும்!" என்றார் ஒருவர். மேரியும் புன்னகையோடு கிண்ணத்தில் சர்க்கரை கொண்டுவந்துகொண்டிருந்தாள். எல்லோருக்கும் அது காரம். எனக்கு மட்டும்தான் அது காரமல்ல என்று தெரிந்தது. அவள் உதடு தடித்திருந்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

"நிறுத்துங்கள்! இதில் நிலக்கடலை இருக்கிறது! யாருக்காவது நிலக்கடலை ஆகாதா?" என்று ஆங்கிலத்தில் அலறினேன்.

சிரிப்பு அப்படியே அறுந்தது. ஹன்னா என்னைப் பார்த்தாள். பேச வாயைத் திறந்தாள், கீச்சென்று காற்றுதான் வந்தது. பக்கத்திலிருந்த நரைத்த தலைப் பெண்மணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அவளுடைய ஊசி! ஊசி பையில் இருக்கிறது, பை வேனில்!"

வேன் பூட்டியிருந்தது. டிரைவர் எங்கே என்று அவர்களுடைய வழிகாட்டிக்கே தெரியவில்லை. மேரிக்குத் தெரிந்திருந்தது. சர்க்கரைக் கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து எதிர் டீக்கடைக்கு ஓடினாள். பிரேக் போடும் சத்தம் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் சாவியோடு திரும்பி ஓடிவந்துகொண்டிருந்தாள், டிரைவர் அவளுக்குப் பின்னால்.

நரைத்த பெண்மணி பேனா போன்ற அந்த ஊசியைத் துணியின் மேலாகவே ஹன்னாவின் தொடையில் அழுத்திப் பிடித்தார். எல்லோரும் வேனுக்குள் ஏறினோம். திண்டிவனத்துக்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஹன்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. ஒவ்வொரு மூச்சும் உள்ளே போகுமா என்று பார்த்தேன். போனது. அடுத்ததைப் பார்த்தேன்.

உள்ளே கொண்டுபோனார்கள். கதவைச் சாத்தினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பெண் மருத்துவர் வந்து, "இப்போ பரவால்ல. ஆனா சில பேருக்கு மறுபடியும் வரும். நாளைக்குக் காலை வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார். மறுபடியும் வரும் என்ற சொல் மட்டும் என் காதில் தங்கியது.

அதற்குள் காதர் அண்ணன் தொப்பியோடு ஓடிவந்தார். வழிகாட்டி அவர்மேல் பாய்ந்தார். "நட்ஸ் இல்லன்னு போட்டுட்டு மல்லாட்டயா வைப்பீங்க? போலீசுக்குப் போறேன், கடைய இழுத்து மூட வெக்கிறேன்!" காதர் அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. பயத்தில் அவருடைய கோபம் கிடைத்த இடத்தில் இறங்கியது.

"மேரி! அக்காகிட்ட ஒழுங்கா சொல்றதுக்கு என்னா? நாளையிலேர்ந்து கடைக்கு வராத!"

மேரி சுவரோரம் நின்றிருந்தாள். "நான் சொன்னேன் பாய். மல்லாட்டன்னு சொன்னேனே. அக்காவக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உடனே பேசவில்லை. இதை எழுதும்போது மறைக்க விருப்பமில்லை. அந்நிய தேசம், கைப்பையில் பாஸ்போர்ட், போலீஸ் என்ற சொல். சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி அவளோடு நின்றுவிடும். இரண்டு மூச்சு விடும் நேரம் அந்த வாசல் திறந்திருந்தது. மேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ சொன்னா" என்றேன். "எனக்குப் புரியல. புரியலன்னு கேக்காம நானா எழுதிக்கிட்டேன். அட்டைய எழுதினது நான். போலீஸ் வந்தா என் பேரச் சொல்லுங்க." நரைத்த பெண்மணிக்கும் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் உள்ளே போனார்.

ஐந்து மணிக்கு ஹன்னா என்னைக் கூப்பிடுவதாக நர்ஸ் வந்து சொன்னார். திட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. தலையணையில் சாய்ந்திருந்தாள். கண் இமைகள் இன்னும் வீங்கியிருந்தன. குரல் கரகரத்தது.

"நான் பயணத்தில் எந்த அட்டையையும் நம்புவதில்லை. எப்போதும் ஆளைக் கூப்பிட்டு, என் போனில் இருக்கும் படத்தைக் காட்டிக் கேட்பேன்" என்றாள். "இன்று கேட்கவில்லை. உங்கள் ஆங்கிலம் அவ்வளவு நன்றாக இருந்தது."

போலீசுக்குப் போகவில்லை என்று நரைத்த பெண்மணி சொன்னார். அது என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

வெளியே மேரி தாழ்வாரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. "அந்தப் பொண்ணு என்னாக்கா சொல்லிச்சி?" என்றாள். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஹன்னா சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். அட்டையில் நான் என்ன எழுதியிருந்தேன் என்பதையும் வரி வரியாகச் சொன்னேன். இரண்டு நாளாக அந்த அட்டைகளைத் துடைத்து வைத்தவள் அவள்தான். அதில் என்ன இருந்தது என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது.

"எனக்கு மட்டும் இங்கிலீஷ் தெரிஞ்சிருந்தா, அத அன்னிக்கே அடுப்புல போட்டிருப்பேன்க்கா" என்றாள்.

சனிக்கிழமை காலை ஹன்னா நடந்து வந்து வேனில் ஏறினாள். திருச்சியில் அன்று காலையே கல்யாணம், இனி போக முடியாது. நான் கடைக்குப் போனேன். காதர் அண்ணன் மேரியைக் கூப்பிட்டு வர ஆள் அனுப்பியிருந்தார். வந்ததும், "கோவத்துல சொல்லிட்டேம்மா, மனசுல வெச்சுக்காத" என்றார். அவள் அடுப்பைத் தட்டிச் சாம்பலை அள்ளினாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். இந்த முறை ஒவ்வொன்றையும் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டச் சொன்னேன். இஞ்சி வைத்தாள். பூண்டு வைத்தாள். சோம்பு, மிளகாய், வறுத்த மல்லாட்டை. ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, பெயரைத் திருப்பிச் சொல்லி, பிறகே எழுதினேன். நிலக்கடலை உண்டு என்பதை முதல் வரியில் பெரிதாகப் போட்டேன். முடித்துவிட்டு, ஆங்கிலத்தில் எழுதியதை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அவள் கறியைக் கம்பியில் கோத்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள்.

"அவ்வளவுதானே?" என்றேன்.

"எண்ணெ எழுதினியாக்கா?"

"எந்த எண்ணெய்?"

அவள் கை நின்றது. அடுப்போரம் இருந்த தூக்கை என் பக்கம் நகர்த்தினாள். "சுடறப்ப மேல தடவறேனே. மல்லாட்ட எண்ணெதாங்க்கா."

நான் எழுதியிருக்கவில்லை.